அந்த நாற்பத்து மூன்று நாள்

ஜனவரி 12, திங்கள்

காலையிலிருந்து பிரிண்டர் சண்டித்தனம். மூன்று மாற்றுச் சான்றிதழ் அச்சடிக்க ஒன்பது காகிதம் வீண். அதைத் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் கூப்பிட்டார். பள்ளி முத்திரையை யாரிடமும் நம்பிக் கொடுக்காமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவர். ஆபீசில் அவருக்குப் பெயரே ‘முத்திரை’தான். என்றும் இல்லாத திருநாளாக உட்காரச் சொன்னார்.

“உங்க தம்பி பேர பெரிய கூடத்துக்கு வைக்கிறதா நிர்வாகம் முடிவு பண்ணியிருக்கு. படமும் மாட்டறோம். அடுத்த மாசம் பத்தாம் தேதி விழா. உங்களுக்குப் பெருமைதானே?”

பெரிய கூடத்தில்தான் இறுதித் தேர்வு நடக்கும். தம்பி வாலு அங்கே உட்கார்ந்து தேர்வு எழுதக் கூடாது என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியவர் இதே ஆள்தான். அவன் எல்லையில் செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. பத்தொன்பது வயது. இப்போது அந்தக் கூடத்துக்கு அவன் பெயராம், எனக்குப் பெருமையாம்.

நான் என்ன சொன்னேன்? “சரி சார்” என்றேன். பதினேழு வருடமாக எனக்கு வாயில் வருகிற ஒரே வாக்கியம்.

ஜனவரி 13, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். ‘திறக்க வேண்டாம்’ என்று சீட்டு ஒட்டிய பெட்டியில் அவன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கண்ணாடி பக்கமே போகாதவள், இன்று அதன் முன்னால் நின்று தலை வாரிக்கொண்டாள். “யார் யார் வருவாங்க? நான் மேடை ஏறணுமா? படி எத்தனை?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் இவ்வளவு பேசியே வெகு நாளாகிறது.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டு நின்றேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

படம் பெரிதாக்கக் கொடுத்திருந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். படையில் சேரும்போது எடுத்த சின்னப் படம் ஒன்றுதான் இருக்கிறது. அதில் திருதிருவென்று முழிப்பான், இரண்டு காதும் விடைத்துக்கொண்டு நிற்கும். ஸ்டுடியோக்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார். காதைத் தலையோடு ஒட்டவைத்திருக்கிறார். நெஞ்சு அகலமாகியிருக்கிறது. மீசை வேறு. வாலுவுக்கு மீசை என்று சொல்லிக்கொள்ள ஏழெட்டு முடிதான் இருந்தது, அதற்கே தினமும் சீப்பு.

“இந்த மெடல் யாரோடது?” என்றேன்.

“அது கம்ப்யூட்டர்லயே இருக்கு மேடம். எல்லாருக்கும் இதையேதான் போடறேன்.”

“எல்லாருக்கும்னா?”

“இந்த வருஷத்துல உங்களோடது ஆறாவது.”

எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். காதைத் திரும்ப வைக்கச் சொன்னேன். “பாக்க எடுப்பா இருக்காதே” என்றார். உன் வீட்டுப் பிள்ளைக்கு எடுப்பாகச் செய்துகொள் என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பாவம், அவர் பிழைப்பு அவருக்கு. ஆறு பேர் முகத்தைச் சரி செய்தவர்.

ஜனவரி 19, திங்கள்

முத்திரை தன் விழா உரையைக் கையால் எழுதித் தட்டச்சுக்கு அனுப்பியிருந்தார். இரண்டாம் பக்கம், மேலிருந்து நான்காம் வரி:

‘பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நாள் கூட விடுப்பு எடுக்காத முன்மாதிரி மாணவன்.’

படித்தேன். திரும்பப் படித்தேன். எழுதக் கை கூசவில்லையா இந்த மனுஷனுக்கு? வருகை குறைவு என்று சொல்லித்தானே அவனைத் தேர்வுக்கு விடாமல் வெளியே தள்ளினாய்? நூற்றைம்பது நாள் வந்திருக்க வேண்டும், நூற்று முப்பத்தொன்பதுதான் வந்திருக்கிறான், பதினொரு நாள் குறைகிறது என்று சட்டம் பேசிய வாய் இதுதானே?

அந்த வருடம் அம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். நான் விடுப்புக் கேட்டேன். மதிப்பெண் ஏற்றும் நேரம், மூன்று நாளுக்கு மேல் முடியாது என்றார். “நீ ஆபீஸ் போ அக்கா. கணக்கு சார் மூஞ்சியப் பாக்கறதுக்கு அம்மா மூஞ்சி எவ்வளவோ பரவாயில்ல” என்றான் வாலு. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாகப் பள்ளி நாட்கள் நாற்பத்து மூன்று, அவன்தான் உடனிருந்தான். புரட்டிப் படுக்கவைத்தான், மலம் எடுத்துப் போட்டான். மற்ற நாட்களில் சுவரேறிக் குதித்து ஓடியது பதினெட்டு நாள். அதை மறைக்க மாட்டேன், வாலு வாலுதான்.

அந்த வரியைத் தட்டச்சு செய்தேனா? செய்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். முழுப் பழியும் முத்திரை தலையில். வசதிதான். மீதியையும் எழுது.

அவன் நாட்களை எண்ணியது நான். தேர்வுக்கு முன்னால் எல்லா வகுப்பு வருகைப் பதிவேட்டையும் கூட்டிக் குறைவுப் பட்டியல் போடுவது எழுத்தர் வேலை. எந்தப் பள்ளியிலும் அப்படியே போட மாட்டார்கள். விளையாட்டு விழா, சிறப்பு வகுப்பு, மழை விடுமுறைக்கு ஈடு என்று அங்கே இரண்டு இங்கே மூன்று சேர்த்துப் பிள்ளையைக் கரையேற்றிவிடுவோம். யார் யாருக்கோ செய்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரர் மகனுக்கு ஒன்பது நாள். முத்திரையின் தங்கை மகளுக்குப் பதின்மூன்று.

தம்பிக்குச் செய்யவில்லை.

ஏன்? அப்பா இதே ஆபீசில் எழுத்தராக இருந்து செத்தார். அதனால் எனக்கு இந்த வேலை. ‘அப்பன் செத்ததுல வந்த நாற்காலி’ என்று முதல் நாளே காதில் விழுந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், என்னைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. பட்டியலில் நான்காவதாக அவன் பெயரை நானே என் கையால் எழுதினேன். முத்திரைக்குப் பதினைந்து நாள் வரை மன்னிக்க அதிகாரம் உண்டு. பட்டியலை நீட்டியபோது நிமிர்ந்து பார்த்தார். “உங்க தம்பின்னு சலுகை குடுத்தா ஊர் என்ன சொல்லும்? நீங்களே சொல்லுங்க” என்றார்.

“சரி சார்” என்றேன்.

அம்மாவிடம், நாள் குறைகிறது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள் என்றேன். பள்ளியில் யார் சொன்னது என்று அவளும் கேட்கவில்லை. அறிவிப்புப் பலகையில் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்த வாலு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். “உன் கையெழுத்து அழகா இருக்கு அக்கா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கடைசி வரை அம்மாவிடம் காட்டிக்கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளோடு திரும்ப அதே வகுப்பில் உட்கார மாட்டேன் என்று ஜூன் மாதம் படையில் சேர்ந்தான்.

இத்தனை நாள் இந்த நோட்டில் கூட இதை எழுதாமல் இருந்திருக்கிறேன் பார்.

ஜனவரி 23, வெள்ளி

முத்திரையிடம் போய் அந்த வரியை எடுத்துவிடலாமே என்றேன்.

“இதுல என்ன தப்பு? நல்ல விதமாத்தானே சொல்றோம்? நாளைக்கு நாலு பசங்க அவனப் பாத்து வளரணும் இல்லையா? அன்னைக்குப் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கறவங்களும் வராங்க. கூடத்துக்கு வெளியே ஒரு மேசை போட்டுக் குடுக்கணும், குறிச்சுக்குங்க.”

அந்த மேசைக்குத்தான் இந்த வரி. இப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. அவன் செத்தது போதாது, இனி வாசலில் நின்று ஆள் கூப்பிட வேண்டும்.

நான் கதவருகே போனதும் சொன்னார்: “அப்பறம், பழைய வருகைப் பதிவேடெல்லாம் எதுக்கு அடைச்சு வச்சிருக்கீங்க? இந்த வாரமே கழிச்சிடுங்க.”

ஆள் விவரமானவர்தான்.

ஜனவரி 24, சனி

கழிவுக்குக் கட்டிய மூட்டையிலிருந்து அந்த வருடத்துப் பதிவேட்டை உருவினேன். அனுமதியில்லாமல் ஒரு குண்டூசி கூட வீட்டுக்குக் கொண்டு போனதில்லை நான். வாசலில் அட்டெண்டர் அண்ணன் என் பையைப் பார்த்தார்.

“பை கனமா இருக்கே?”

“காய்கறி அண்ணே.”

“அட்டை போட்ட காய்கறியா?” என்று சிரித்துவிட்டுக் கதவை அகலத் திறந்து விட்டார். “பாத்துப் போம்மா, கீழ விழுந்துடப் போகுது.”

பிப்ரவரி 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஒரு வாரமாக விழாவுக்கு எதை உடுத்துவது என்று அம்மா எடுத்து வைத்து, மடித்து, மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கவே முடியவில்லை. பொய்யைக் கேட்டுக் கைதட்ட அவளை அழைத்துக்கொண்டு போவதா? காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பதிவேட்டை அவள் மடியில் வைத்தேன். வராத நாளுக்குச் சிவப்பு மையில் ஒரு சுழி போடுவது எங்கள் வழக்கம். அவன் வரியில் அம்மா விரலை வைத்து ஒவ்வொரு சுழியாக எண்ணினாள். கண் தெளிவில்லை, ஆனாலும் என்னை எண்ண விடவில்லை.

“இதெல்லாம் என்கூட இருந்த நாளா?”

“ஆமாம்மா. பதினெட்டு நாள் மட்டும் சுவரேறிக் குதிச்சது.”

“இதுக்காடி பரீட்சைக்கு விடல?”

“ஆமா.”

“கூட்டிப் போட்டது யாரு?”

“நான்தான்.”

“மத்த பசங்களுக்கும் இப்படித்தான் போடுவியா?”

பொய் சொல்லியிருக்கலாம். அரை நொடி யோசித்தேன் என்பதும் உண்மை. “இல்ல. மத்தவங்களுக்குச் சரி பண்ணி விடுவோம்” என்றேன்.

அம்மா பதிவேட்டை மூடினாள். கத்துவாள், அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை.

“ஊர் வாய்க்குப் பயந்து புள்ளையக் குடுத்திருக்கடி நீ.”

அவ்வளவுதான். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 4, புதன்

அம்மா பேசவில்லை. தனக்கு மட்டும் ஒரு கை சமைத்துக்கொள்கிறாள்.

பிப்ரவரி 7, சனி

இன்றும் இல்லை. “விழாவுக்கு வரயாம்மா?” என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வருகிறாள் போல.

பேசாவிட்டால் போ. எனக்கும் கோபம் வருகிறது. என்னைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டுமா? குண்டு போட்டவன் இல்லையா? பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர்கள் இல்லையா? ‘காலை ஆறு இருபதுக்கு வீரமரணம்’ என்று நேரம் மட்டும் சுத்தமாகக் குறித்துக் கடிதம் அனுப்பியவர்கள் இல்லையா? எல்லாரும் இருக்கிறார்கள். யாரும் வீட்டில் இல்லை. நான் இருக்கிறேன், கைக்கு எட்டுகிற தூரத்தில்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வரிசையாக எழுத முயற்சி செய்கிறேன்.

அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. அட்டெண்டர் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள், ஐந்து படி. தோளில் ஒரு துணிப்பை. மாத்திரை டப்பா என்று நினைத்தேன். கூடம் நிறையப் பிள்ளைகள். வெளியே மேசை, மேசைமேல் விண்ணப்பக் கட்டு, அதன் பின்னால் ஓர் இளைஞன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையை விலக்கினார்கள். படத்தில் காது நான் சொன்னபடி விடைத்துக்கொண்டிருந்தது. மெடலும் இருந்தது. ஸ்டுடியோக்காரரிடம் யாரோ தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். யாரென்று ஊகிக்கக் கஷ்டமில்லை.

முத்திரை பேசினார். நான்காம் வரி வந்தது. கைதட்டல்.

“தியாகியின் தாயார் இரண்டு வார்த்தை” என்று ஒலிவாங்கியை நீட்டினார்கள். நன்றி என்று சொல்லி அழுதுவிட்டு உட்காருவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அம்மா பையிலிருந்து பதிவேட்டை எடுத்தாள்.

“என் புள்ள நாப்பத்து மூணு நாள் பள்ளிக்கூடத்துக்கு வரல” என்றாள். “இதுல சிவப்புல போட்டிருக்கு. அத்தனை நாளும் என் படுக்கைகிட்ட இருந்தான். எனக்குப் பீ மூத்திரம் அள்ளினான். அதுக்காகத்தான் இந்தக் கூடத்துல உக்காந்து பரீட்சை எழுத விடல. எண்ணினது என் பொண்ணு, அதோ நிக்கறா. கையெழுத்துப் போட்டது இந்த சார். அப்பறம்தான் அவன் சண்டைக்குப் போனான்.”

முத்திரை ஒலிவாங்கிக்குக் கை நீட்டினார். அம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“படம் மாட்டுங்க, பேர் வைங்க. உங்க இஷ்டம். ஆனா ஒரு நாள் கூட லீவு போடலன்னு சொல்லாதீங்க. அந்த நாப்பத்து மூணு நாள் என்னோடது. மத்ததெல்லாம் எடுத்துக்கிட்டீங்க. அத விட்டுடுங்க.”

பிறகு தானாகவே இறங்கினாள். அட்டெண்டர் அண்ணன் ஓடிப் போய்ப் பிடித்தார். நானூறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எந்தப் பார்வைக்குப் பயந்து அதைச் செய்தேனோ அதே பார்வை. நின்றேன். செத்துவிடவில்லை.

மேசையில் விண்ணப்பம் வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவரும் வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.

பிப்ரவரி 11, புதன்

“கழிச்ச பட்டியல்ல ஒரு பதிவேடு குறையுது. யார் எடுத்தது?” முத்திரைக்கு மூக்கு நுனி சிவந்திருந்தது.

“நான்தான் சார்.”

“விளக்கம் எழுதிக் குடுங்க.”

ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்: ‘கழிக்கப்படக் கூடாது என்பதால் எடுத்தேன்.’ அவர் அதை மூன்று முறை படித்தார். மன்னிப்புக் கேட்கும் வரி எங்கே என்று பின்பக்கம் வேறு திருப்பிப் பார்த்தார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இந்த வருடக் குறைவுப் பட்டியல். ஒன்பது பேர். எங்கேயும் இரண்டு மூன்று சேர்க்கவில்லை, உள்ளதை உள்ளபடி போட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏன் வரவில்லை என்று எழுதினேன். அப்பாவுக்குச் சிறுநீரகம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒருவனுக்குக் காரணமே இல்லை, சும்மா ஊர் சுற்றியிருக்கிறான். அவனுக்கும் ‘மன்னிக்கப் பரிந்துரைக்கிறேன்’ என்று போட்டுக் கொண்டுபோய் வைத்தேன்.

“வச்சிட்டுப் போங்க. பாக்கறேன்.”

“இருக்கேன் சார்.”

“நேரமாகும்.”

“பரவாயில்ல சார்.”

நின்றேன். அவர் கோப்புகளைப் புரட்டினார், யாருக்கோ போன் செய்தார், தண்ணீர் குடித்தார், ஜன்னலைச் சாத்தினார். நான் நின்றேன். கால் கடுத்தது. முக்கால் மணி நேரம் கழித்து, கடவுளே என்று பேனாவை எடுத்து ஒன்பது இடத்திலும் கையெழுத்துப் போட்டார். பைக்குள் கைவிட்டு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

முக்கால் மணி நேரம். வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு நான் ஒரு நிமிடம் கூட நிற்கவில்லையே. ஒரே ஒரு நிமிடம் நின்னிருக்கக் கூடாதாடி? அவன் இன்னைக்கு எங்கயாவது ஒரு கடையில, ஒரு ஆபீஸ்ல, யாரையாவது கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்திருப்பானே. இருபது வயசு. காது விடைச்சுக்கிட்டு.

காகிதங்களை எடுத்துக்கொண்டு வந்து பதிவேட்டு அறையில் உட்கார்ந்து அழுதேன். அட்டெண்டர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பிப்ரவரி 26, வியாழன்

அம்மா இன்னும் பேசவில்லை. இருபத்தைந்து நாள். என்ன, இதையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று முதல் தேர்வு. ஒன்பது பேரும் எழுதினார்கள். ஊர் சுற்றியவன் அரை மணி நேரத்திலேயே பேனாவை மூடி வைத்துவிட்டு மேலே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

மாலை வீட்டுக்கு வரும்போது கையில் ஓர் உறை. நிர்வாகத்திலிருந்து. மேசைமேல் போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா தன் அறைக்கதவில் நின்று அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன காகிதம் அது?”

ஐந்து வாரத்தில் முதல் வார்த்தை. பிரித்து வாசித்தேன்.

‘எழுத்தர், பள்ளி ஆவணத்தை அனுமதியின்றி வெளியே கொண்டு சென்றதும், அதன் மூலம் பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தியதும் உறுதியாகிறது. இக்கண்டனம் அவருடைய பணிப் பதிவேட்டில் நிரந்தரமாகப் பதியப்படுகிறது. பதவி உயர்வு ஐந்தாண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.’

அம்மா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, காது நன்றாகக் கேட்கும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவ படி” என்றாள். “மெதுவா.”

படித்தேன்.